அடுத்த காம்பராவின் சாட்சி
(ஒரு தாயின் சிந்தனை)



உங்கள் மூத்த பிள்ளை எந்தத் திகதியில் ஞானஸ்நானம் பெற்றது என்று யாராவது இப்போது கேட்டால் சட்டென்று சொல்வீர்களா? பிறந்த திகதியைச் சொல்லிவிடுவீர்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டு அது மனப்பாடமாகிவிட்டது. ஞானஸ்நானத் திகதி என்றால் நம்மில் பலர் சிறிது நேரம் யோசித்து, "அன்றைக்கு ஒரே மழை. கீழ் லயத்து மதினிதான் பிள்ளையைப் படங்கால் போர்த்தித் தூக்கிக்கொண்டு வந்தா. அவ மகள் சமைந்த மாதம் அது" என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் நாளைக் கண்டுபிடிப்போம். இதைக் கேட்டு நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன். ஒரு குடும்பத்தின் நன்னாள்கள் பிற மனிதர்களின் நினைவோடு முடிச்சுப் போட்டுத்தான் நிற்கின்றன. இதைத் தோட்டத்தில் வாழ்ந்த தாய்க்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அதைப் பற்றி நாம் உட்கார்ந்து சிந்திப்பதில்லை. இந்தக் கட்டுரையில் உங்களோடு சேர்ந்து அதைச் சிந்திக்க விரும்புகிறேன்.

நான் ஊவா மலையிலே ஒரு தோட்டத்தில் நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள். எங்கள் பாட்டிமாருக்கு நாள்காட்டி கிடையாது. "பிரஜாவுரிமை போன வருஷம்", "பெருவெள்ளம் வந்த வருஷம்" என்றுதான் பிள்ளைகளின் வயதைக் கணக்கிடுவார்கள். பிரஜாவுரிமை போனது 1948-ல். வெள்ளம் வந்தது 1957 டிசம்பரில். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த என் மாமா ஒருவருக்கு நிச்சயமான வயது என்னவென்று கடைசிவரை தெரியாது. செக்ரோலில் ஒரு வயது, பெயர்ப்பதிவில் ஒரு வயது, பாட்டியின் கணக்கில் ஒரு வயது. மூன்றிலும் பாட்டியின் கணக்கைத்தான் லயம் முழுவதும் நம்பியது. ஏனெனில் அதே கிழமையில் அடுத்த காம்பராவிலும் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. அந்தத் தாயும் இந்தத் தாயும் ஒரே அடுப்பில் காயம் காய்ச்சிக் குடித்தவர்கள். ஒருத்தி மறந்தால் மற்றவள் சொல்வாள்.

நம்மவர்களுக்குக் கடுதாசி என்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பின்னால் வந்த ஆண்டுகள் காட்டின. 1964 ஒக்டோபர் 30-ம் திகதி ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய், உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட்டது. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில், கலியாணச் சேலைக்கும் கீழே, எண்ணெய்ச் சீலையில் சுற்றிய கடுதாசிக் கட்டு ஒன்று கிடந்தது. அதைத் திறப்பதற்கு முன் அம்மா சிலுவை போட்டுக்கொள்வா. நாடற்றவர்கள் என்ற பெயர் சட்டப்படி ஒருவாறு நீங்கியது 2003-ம் ஆண்டிலேதான். இளம் தாய்மார் இதை அறிந்திருப்பது நல்லது.

இனி, மீரியபெத்தவுக்கு வருகிறேன்.

பேரகலையிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் போனவர்கள் அந்த மலைச் சரிவைப் பார்த்திருப்பார்கள். 2014 ஒக்டோபர் 29-ம் திகதி, புதன்கிழமை. தீபாவளி முடிந்து சரியாக ஒரு கிழமை. காலை ஏழரை மணி கடந்த வேளையில், பல நாள் மழையில் ஊறியிருந்த மலை இடிந்து மீரியபெத்த லயங்களின்மேல் விழுந்தது. லயங்களும் கோயிலும் மண்ணுக்குள் போயின. நான் முன்னே சொன்ன அந்த ஒப்பந்தத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைய அப்போது ஒரே ஒரு நாள் குறைவு. பெற்றோரிடம் சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருக்கவில்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இருக்கவில்லை.

"அங்கே இருக்கவேண்டாம் என்று முன்னமே சொல்லியிருந்தார்களே" என்று சிலர் பேசினார்கள். உண்மைதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. ஆனால் லயக்காம்பராவில் இருக்கும் ஒரு தாய் எங்கே போவாள்? காணி அவளுடையதன்று, வீடும் அவளுடையதன்று. போகிற இடத்தில் வேலை இல்லையென்றால் சோறும் இல்லை. எழும்பிப் போகச் சொல்வதற்கும் போக ஓர் இடம் கொடுப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதை எச்சரிக்கை எழுதுபவர்கள் ஒருதரம் மலையேறி வந்து பார்த்திருக்கவேண்டும்.

அந்த முதல் நாள்களில் எத்தனை பேர் மண்ணுக்குள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பின்பு தொகை குறைந்துகொண்டே வந்தது. இதை வெறும் குளறுபடி என்று நினைத்துவிடாதீர்கள். யார் காலைப் பிரட்டுக்குப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது, எந்த வீட்டில் கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் தீபாவளிக்கு வந்து இன்னும் திரும்பிப் போகாமல் இருந்தான் என்பவற்றை எந்த அரசாங்கப் புத்தகம் சொல்லும்? அடுத்த காம்பராக்காரிதான் சொல்லுவாள். அவளும் போய்விட்டாளென்றால் அந்தக் கணக்கைச் சொல்ல ஆளில்லை.

பிறப்புச் சான்றிதழும் கலியாணப் பதிவும் அடையாள அட்டையும் படமும் பெட்டியோடு போயின. இவற்றுள் சிலவற்றைக் கந்தோரில் திரும்பவும் எடுக்கலாம். வேறு சிலவற்றை எந்தக் கந்தோரிலும் எடுக்கமுடியாது. தாய் தகப்பனை இழந்த ஒரு சிறுமியை எண்ணிப் பாருங்கள். தனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தார்கள், தன் தொட்டில் சேலை யாருடையது, தான் முதலில் நடந்தது எந்த இஸ்தோப்பில், தாய்க்குப் பிடித்த கறி என்ன என்பதையெல்லாம் அவளுக்கு யார் சொல்வார்? தாயின் சிநேகிதி ஒருத்தி உயிரோடிருந்தால் அவள் சொல்வாள். தாய் போன பிறகும் பிள்ளையின் நாள்கள் அப்படி ஒருத்தியிடம் பத்திரமாக இருக்கின்றன. சிநேகம் என்பது பொழுதுபோக்கு என்று எண்ணும் கணவன்மார் இந்த இடத்தைச் சற்று உரத்து வாசிக்கட்டும்!

வேதாகமம் இந்தக் காரியத்தை நன்றாகவே அறிந்திருக்கிறது. ரூத்து ஆகமம் மிகச் சிறிய நூல்; ஒரு மாலைப் பொழுதில் வாசித்து முடிக்கலாம். அதன் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கணவனையும் இரண்டு மகன்மாரையும் பறிகொடுத்த நகோமியின் மடியில் ஒரு குழந்தை கிடக்கிறது. அதற்கு ஓபேது என்று பெயர் வைத்தது தாயுமல்ல, தகப்பனுமல்ல, அயல்வீட்டுப் பெண்கள்! தாவீது அரசனின் பாட்டனுக்கு, அதாவது நம் ஆண்டவரின் வமிசத்தில் வந்த ஒருவருக்கு, பெயரிட்டவர்கள் பெத்லகேம் ஊரின் அக்கம்பக்கத்துப் பெண்கள். அதே பெண்கள்தாம் முதலாம் அதிகாரத்தில் நகோமி வெறுங்கையோடு திரும்பி வந்த நாளையும் கண்டிருந்தார்கள். அவளுடைய துக்க நாளைக் கண்டவர்களுக்கே அவளுடைய மகிழ்ச்சி நாளில் பெயர் வைக்கும் உரிமை கிடைத்தது. குழந்தையைப் பெற்ற ரூத்தோ வேறு சாதி, வேறு தேசம், மோவாபிலிருந்து வந்தவள்.

லூக்கா சுவிசேஷத்திலும் அப்படியே. எலிசபெத்தம்மாளுக்குப் பிள்ளை பிறந்தபோது அயலவரும் உறவினரும் சேர்ந்து மகிழ்ந்தார்கள். எட்டாம் நாள் வந்து கூடினார்கள். தகப்பன் பெயரையே வைக்கவேண்டும் என்று வாதாடவும் செய்தார்கள். (அயலவர் என்றால் அப்படித்தான், நம் வீட்டுக் காரியத்தில் அவர்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும்!) அதற்கு முன் ஏறத்தாழ மூன்று மாதம் கன்னிமரியாள் அந்த வீட்டில் தங்கியிருந்தா. மலைநாட்டுக்கு நடந்து வந்து தங்கினா என்பதைத் தோட்டத்துத் தாய்மார் கவனிக்கவேண்டும். அந்த மூன்று மாதத்தில் இரு பெண்களும் என்ன பேசினார்கள் என்று சுவிசேஷம் எழுதவில்லை. பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண்கள் என்ன பேசுவார்களென்று நமக்குத் தெரியாதா என்ன?

திருச்சபையின் சட்டத்திலும் இதற்கு ஓர் இடமுண்டு என்று சொன்னால் வியப்பீர்கள். 1983-ல் வெளியான சட்டத் தொகுப்பின் 876-ம் பிரிவு, ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை நிரூபிப்பதைப் பற்றியது. அதனால் வேறொருவருக்குப் பாதகமில்லையென்றால், நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் சொல் போதும் என்கிறது. அந்தச் சாட்சி இன்ன மதத்தவராக இருக்கவேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் கண்ணால் கண்டேன். எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவனுடைய கலியாணத்துக்கு ஓலை வாசிக்கவேண்டும்; ஞானஸ்நானப் பத்திரம் இல்லை. புத்தகத்தில் தேடினால் அவன் பெயர் அகப்படவில்லை. பெண் வீட்டார் முகம் மாறத் தொடங்கியது. அப்போது அவனுடைய பழைய லயத்து அடுத்த காம்பரா ஆத்தா ஒருத்தி, இந்து, நெற்றி நிறையத் திருநீறோடு பங்கு வீட்டுப் படியேறி வந்தா. பாதர் அவவை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துக் கேட்டார். ஆத்தா எல்லாவற்றையும் சொன்னா. தாய்க்குக் காய்ச்சல் விடாததால் தானே பிள்ளையைக் கோயிலுக்குச் சுமந்து போனது. தண்ணீர் ஊற்றியபோது பிள்ளை அழாமல் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தது. உப்புப் போட்ட றொட்டியும் சம்பலும் எல்லாருக்கும் கொடுத்தது. ஞானத்தகப்பனாக நின்றவர் யார் என்பது. அவர் பெயரைக் கொண்டு தேடியபோது புத்தகத்தில் அந்தப் பதிவும் அகப்பட்டுவிட்டது. பையனின் பெயரை எழுதியவர் வேறு விதமாக எழுதியிருந்தார், அவ்வளவுதான். அகப்படாமற் போயிருந்தாலும் ஆத்தாவின் சொல்லை ஏற்றிருப்பேன் என்று பாதர் பிற்பாடு சொன்னார். கலியாணத்தன்று ஆத்தாவை முன் வரிசையில் இருத்தினார்கள். அவ அங்கே இருக்கமாட்டேன் என்று பின்னால் போய் நின்றது வேறு விஷயம்.

ஆகவே ஞானப்பெற்றோரைத் தெரிவுசெய்யும்போது கொஞ்சம் யோசியுங்கள். பதினாறு வயது நிரம்பிய, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்கவேண்டும். பிள்ளையின் சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக்கூடாது என்பவை சட்டம் கேட்பவை. நாம் கேட்பதோ வேறு. பட்டணத்தில் இருக்கிறாரா, நல்ல சாமான் கொண்டுவருவாரா, படத்தில் நின்றால் எடுப்பாயிருக்குமா என்றல்லவா பார்க்கிறோம்! படம் எடுத்துப் போனவர் பிறகு பிள்ளையின் முதல்நன்மைக்கும் வருவதில்லை. தோட்டத்திலே ஒரே மலையில் கொழுந்து பறிக்கிற, ஞாயிற்றுக்கிழமை உங்களோடு நடந்து பூசைக்கு வருகிற, பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் ராத்திரி கதவைத் தட்டக்கூடிய சிநேகிதியை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுகிறோம். என் கடைசிப் பெண்ணுக்கு ஞானத்தாயாக நின்றவ என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவ. அவ கொடுத்த சாமான் ஒரு கித்துள் கருப்பட்டி. இன்றைக்கும் என் மகளின் ஒவ்வொரு நல்ல நாளும் கெட்ட நாளும் அவவுக்குத் தெரியும்.

கத்தோலிக்கராக இல்லாத சிநேகிதிமாரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊவாத் தோட்டங்களில் நாம் சிலர். நம்மைச் சுற்றியிருப்பவர்கள் பெரும்பாலும் இந்துக்கள், ஊர்ப் பக்கம் சிங்களவர். அவர்களைச் சட்டப்படி ஞானத்தாயாக நிறுத்தமுடியாது. அதற்காக வாசலில் நிறுத்திவைக்க வேண்டுமென்று யார் சொன்னது? பதுளை மறைமாவட்டம் 1972-ல் உண்டானபோது கண்டியின் பெரிய மேற்றாசனத்தை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்துக்குத் தாமாகவே வந்தவர் ஆயர் லியோ நாணயக்கார. 1982-ல் இறக்கும்வரை, அயலாரோடு கலந்து வாழும் சிறு சிறு சமூகங்களாக விசுவாசிகள் வாழவேண்டும் என்பதிலேயே அவர் மனம் வைத்திருந்தார். அந்த வழி வந்த நாம், நத்தார்ப் பலகாரத்தை மட்டும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கலாமா?

சிநேகத்தைப் பிரிக்கும் காலங்களும் வரும். ஒப்பந்தப்படி இந்தியா போனவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை நம்மவர்கள் "அழுகைக் கோச்சி" என்றார்கள். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பின்பு கோத்தகிரி, கூடலூர் என்று மறுபடியும் தேயிலைமலை. என் அம்மாவின் உயிர்ச் சிநேகிதி அப்படிப் போனவ. பல ஆண்டு நீலக் கடுதாசி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கடுதாசியிலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதி, இன்னாருக்கு இந்த மாதம் இத்தனை வயது என்று கணக்கும் எழுதியிருப்பா. கடல் தாண்டிப் போன ஒருத்தி எங்கள் வயதை எண்ணிக்கொண்டிருந்தா! யுத்த காலத்தில் அந்தக் கப்பலும் நின்றது, கடுதாசியும் நின்றது.

இப்போது மீரியபெத்த மக்களில் மிஞ்சியவர்களுக்கு வேறு விதமான பிரிவு. முதலில் பள்ளிக்கூடங்களிலும், பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தடுப்புக்குத் தடுப்பு ஒட்டியபடி நெருக்கமாய் இருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2016 ஒக்டோபரில், பூனாகலைப் பக்கம் மகல்தெனியவில் 75 வீடுகள் கொடுக்கப்பட்டன. தனிவீடு வேண்டும், கட்டாயம் வேண்டும். லயத்தைப் புகழ்ந்து பாடுபவர்களில் நான் ஒருத்தியல்ல. பத்தடிக் காம்பராவில் சமைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்! தாளிட ஒரு கதவும், தன் பெயரில் ஒரு துண்டுக் காணியும் மனிதருக்குரிய மரியாதை. ஆனால் லயத்தில் சுவருக்கு அப்பால் பிள்ளை இருமினாலே "என்னடி, சளியா?" என்று குரல் வரும். தனிவீட்டில் அந்தக் குரல் தானாக வராது. எழுந்து வேலியைத் தாண்டிப் போனால்தான் உண்டு. உங்கள் தோட்டத்திலும் தனிவீடுகள் வருகின்றன. வீடு குடிபுகும் அன்றே பழைய லயத்து அயலார் நான்கு பேரையாவது வரவழைத்து உட்காரவைத்துச் செபியுங்கள். புதிய முற்றத்துக்கு அவர்கள் கால் பழகட்டும்.

நான் சொல்லும் இன்னொரு காரியத்துக்குச் செலவு அதிகமில்லை. பிள்ளைகளின் ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் விடுங்கள். பிறந்த திகதி, பிறப்புப் பதிவு எண், ஞானஸ்நானம் கொடுத்த கோயில், திகதி, ஞானப்பெற்றோர், முதல்நன்மை, உறுதிபூசுதல், திருமணம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் பிற்பாடு உறுதிபூசுதலும் திருமணமும் குறிக்கப்படும். ஆதலால் எந்தப் பங்கு, எந்த வருடம் என்று தெரிந்தாலே போதும். பத்திரம் தொலைந்தாலும் மறு பிரதி எடுக்கலாம். பெயரைப் பத்திரத்தில் உள்ளபடி எழுத்துக் கூட்டி எழுதுங்கள். ஆத்தாவின் கதையை மறக்காதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில், அன்றைக்கு யார் யார் வந்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மழையா வெயிலா, என்ன சமைத்தீர்கள், யார் பிள்ளையைத் தூக்கினார்கள் என்பதும் இருக்கட்டும். கந்தோருக்கு அது தேவைப்படாது; பேரப்பிள்ளைக்குத் தேவைப்படும்.

எழுதி முடித்ததும் இன்னொரு பிரதி செய்து, உங்கள் சிநேகிதியின் வீட்டில் கொடுத்துவையுங்கள். அவளுடைய கொப்பி உங்கள் வீட்டில் இருக்கட்டும். இரண்டும் ஒரே லயத்தில் இருந்தால் பயனில்லை. வேறு டிவிஷனில், வேறு மலையில் இருக்கும் ஒருத்தியாகப் பாருங்கள். ஏன் என்று மீரியபெத்தவைப் பற்றி வாசித்த உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இறந்தவர்களுக்கும் கொப்பியில் இடம் விடுங்கள். மீரியபெத்தவில் உடல் கிடைத்தவர்கள் சிலரே. தேடும் வேலை நின்றபோது பலர் மண்ணுக்குள்ளேயே இருந்தார்கள். குழி இல்லை, சிலுவை இல்லை, நாள் திவசத்துக்கு நின்று கும்பிட ஓர் இடம் என்றால் அந்த மலைச்சரிவுதான். யோபுவின் சிநேகிதர்கள் மூவரும் வந்து ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதாகமம் சொல்கிறது. வாயைத் திறந்த பிறகுதான் பிழைவிட்டார்கள். அந்த மலையடிவாரத்தில் சென்று நிற்க நேர்ந்தால் நீங்களும் கடவுளின் சித்தம், பாவத்தின் சம்பளம் என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள்; தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள்; இறந்தவரின் பெயரைக் கேளுங்கள்.

2014-ல் அந்தப் புதன்கிழமைக்கு நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சகல ஆத்துமாக்களின் திருநாள் வந்தது. இந்துக்களுக்காக நாம் பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டா. கொடுக்கலாம். வாழ்வோர், இறந்தோர் எவருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று அதே சட்டத் தொகுப்பின் 901-ம் பிரிவு சொல்கிறது. உங்கள் லயத்தில் வாழ்ந்து இறந்த அயலாருக்காக வரும் நவம்பரில் ஒரு பூசை கேளுங்கள். கருத்து எழுதிக் கொடுக்கும்போது "அயலவர்" என்று மட்டும் எழுதாமல், பாதர் பீடத்திலிருந்து வாசிக்கும்படி பெயரைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். கேட்க வருவார்கள்.